மார்க்குத் தராசில் மனிதனை நிறுப்பதா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனோதைரியம் போதாது!" பரீட்சை முடிவு வந்து எங்காவது ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்தால், கனவான்கள் இப்படித்தான் உபதேசிக்கிறார்கள். இது அப்பட்டமான பொய் என்கிறோம் நாம்.

உப்பளத்துக்குப் பேர்போன கேளம்பாக்கத்தைப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கண்ணாடி மாளிகைகள். அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் உப்பு வாருகிறவர் பிள்ளையும் சித்தாளின் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகிறார்கள். "நான் யார்?" என்று மனம் கேட்கத் தொடங்கும் வயது அது. இந்தச் சமுதாயம் தரும் பதில் என்ன? "உன் மார்க்குதான் நீ! உன் அப்பன் மடியிலுள்ள காசுதான் நீ!"

1953ல் ராஜாஜி சர்க்கார், கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி வேளை படிப்பு, மீதி வேளை அப்பன் தொழில் என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. 1954ல் காமராஜர் சர்க்கார் அத்திட்டத்தைக் கைவிட்டது. அன்று உத்தரவு சொன்னதை இன்று கோச்சிங் கட்டணம் சொல்கிறது.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 மார்க். நீட் பரீட்சை அவ்வளவையும் செல்லாக் காசாக்கிற்று. சுப்ரீம் கோர்ட் வரை போய் நியாயம் கேட்ட பெண்ணுக்கா தைரியமில்லை? 2017 செப்டம்பர் 1ந் தேதி அவளை இழந்தோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். இத்தனை பேரும் கோழைகளா? இல்லை; அவர்கள் தலையில் ஏற்றிய பாரம்தான் குற்றவாளி!

தோழர்களே! நம் வீட்டையும் பார்ப்போம். "நான் பட்ட பாடு நீ படக்கூடாது" என்று அன்போடுதான் சொல்கிறோம். அதுவே சில வேளை பிள்ளைக்கு மற்றொரு மூட்டையாகிறது. ஷிப்டு முடிந்து வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்குமுன் "சாப்பிட்டாயா? மனசில் என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை பேச்சற்றுப் போனால், தூக்கமின்றி வாடினால், சும்மா இருக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்; 14416க்குப் போன் செய்யுங்கள், காசு கேட்கமாட்டார்கள். சாவு எந்த அநீதியையும் தீர்ப்பதில்லை. உயிரோடு நின்றால்தான் வழக்காட முடியும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் மனநல ஆலோசகர் வேண்டும்! காசு கொடுத்துக் கோச்சிங் போனவனுக்கு மட்டும் கதவு திறக்கும் பரீட்சை ஒழிய வேண்டும்! சங்கக் கூட்டத்தில் கூலியோடு இதையும் சேர்த்துக் கேட்போம்!

உப்பை நிறுக்கத் தராசு உண்டு. மனிதனை நிறுக்கத் தராசு இல்லை!