முழங்காலுக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

ஜொகூரின் தெப்ராவ் வட்டாரத்தில் சனிக்கிழமை மாலை எந்த ஃபுட்சால் கூடத்துக்குப் போனாலும் அப்படி ஒருவரைப் பார்க்கலாம். மற்றவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். முதலில் தைலம். அதன் மேல் துணிப் பட்டை. அதற்கும் மேல் வெளுத்துப்போன கறுப்பு உறை. இரு பக்கத்து வார்களையும் இழுத்து ஒட்டி, எழுந்து நின்று, முழங்காலை இரண்டு முறை மடக்கிப் பார்ப்பார். கூட்டத்திலேயே பந்து சொன்னபடி கேட்பது அவர் காலிடம்தான். ஆனாலும் இரண்டு அணியாக ஆள் பிரிக்கும்போது அவரைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். "அண்ணே, நீங்க ஓட வேணாம், நின்னு பந்து குடுத்தாப் போதும்" என்று ஒரு பையன் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். பல நாளில் அந்தப் பையனின் அணிதான் ஜெயிக்கும்.

இந்தக் கணக்கைத்தான் உலகின் பெரிய கழகங்களும் போடுகின்றன. அமெரிக்கக் காற்பந்தில் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுக்கும் 'டிராஃப்ட்' நடக்கிறது. இந்தியன் சூப்பர் லீக்கும் 2014-இலும் 2017-இலும் மும்பையில் அப்படி ஆள் எடுத்தது. முதல் சுற்றில் முழு உடம்போடு இருப்பவர்கள் போய்விடுவார்கள். கடைசிச் சுற்றுகளில் மிஞ்சுபவர்களில், திறமை முதல் சுற்றுக்குரியதாகவும் முழங்கால் மட்டும் நம்ப முடியாததாகவும் இருக்கும் சிலர் உண்டு. மலேசிய சூப்பர் லீக்கில் டிராஃப்ட் கிடையாது. ஆனால் கடைசிச் சுற்று இங்கேயும் உண்டு. ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் காலம் முடியப்போகும் கடைசி நாள்களில், ஒப்பந்தம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் காயம்பட்டவருக்கு ஒரு தொலைபேசி வரும். சம்பளம் பாதி. ஒப்பந்தம் ஒரே பருவத்துக்கு.

அவரை எடுக்கலாமா? எடுக்கலாம். எடுக்கவும் வேண்டும். ஆனால் எந்தக் காயம், யார் எடுக்கிறார்கள், எத்தனை மாதம் பொறுப்பார்கள் என்பவற்றைப் பொறுத்தே அந்த முடிவு நல்லதாகவோ கொடுமையாகவோ ஆகிறது. இதற்கு வெளியூர் உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருக்கும் லார்க்கின் அரங்கில் 2014-இல் நடந்ததே போதும்.

2013-இன் பிற்பகுதியில் ஜொகூர் டாருல் தக்சிம் (ஜேடிடி) கழகம் பாப்லோ அய்மாரை ஒப்பந்தம் செய்தபோது நம்பாதவர்களே அதிகம். மெஸ்ஸி சிறுவயதில் வழிபட்ட ஆட்டக்காரர் அவர். வலென்சியாவோடு 2002-இலும் 2004-இலும் ஸ்பெயின் லீக்கை வென்றவர். அதற்கும் முன்பு, 1997-இல் மலேசியாவில் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்தை ஷா ஆலாமில் தூக்கிய அர்ஜெண்டினா அணியிலும் இருந்தவர். அன்று பதினேழு வயதில் பார்த்த நாட்டுக்கு முப்பத்து நான்கு வயதில் திரும்பி வந்தார். கூடவே காயங்களும் வந்தன. பென்ஃபிகாவில் கடைசிப் பருவங்களிலேயே அவர் தொடர்ந்து ஆட முடியாமல் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஜொகூருக்காக லீக்கில் எட்டு ஆட்டங்கள், இரண்டு கோல்கள். 2014 ஏப்ரலில் கழகம் அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டு தாய்க் கழகமான ரிவர் பிளேட்டுக்குத் திரும்பிய அவரைக் காலின் வலி அங்கும் விடவில்லை. 2015-இல் ஓய்வை அறிவித்தார்.

அதே 2014-இல், அதே லார்க்கினில், இன்னொரு அர்ஜெண்டினாக்காரரும் இருந்தார். லூசியானோ ஃபிகுவேரா. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கப் பதக்க அணியில் இருந்தவர். 2005 கான்ஃபெடரேஷன் கிண்ணத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் உட்பட நான்கு கோல் போட்டவர். அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்துக்குப் போயிருக்க வேண்டியவரின் கனவை முழங்கால் காயம் கலைத்தது. அதன் பிறகு கழகம் கழகமாக மாறி, எக்குவடோரின் எமெலெக் வரை போய், முப்பதைத் தாண்டிய வயதில் ஜொகூருக்கு வந்தார். அவர் நிலைத்தார். அந்த ஆண்டுதான் ஜேடிடி தன் முதல் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. ஃபிகுவேரா பின்னாளில் அதே கழகத்தின் நிர்வாகப் பொறுப்புக்கும் வந்தார்.

ஒரே கழகம், ஒரே பருவம், ஒரே நாட்டுக்காரர்கள் இருவர். ஒருவர் நான்கு மாதத்தில் வெளியேறினார், இன்னொருவர் வேர் பிடித்தார். இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது.

காயத்திலேயே இரண்டு சாதி உண்டு. ஒன்று, விபத்து போல வருவது. ஒரு மோதலில், ஒரு தவறான திருப்பத்தில், முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்துவிடும். அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் பயிற்சி, பிறகு பெரும்பாலும் ஆடலாம். மற்றொன்று, பழக்கமாக வருவது. தொடைப் பின்தசை ஒருமுறை கிழிந்தால் மறுமுறை கிழியும் வாய்ப்பு கூடுகிறது. முன்பு பட்ட காயமே அடுத்த காயத்துக்கு மிகப் பெரிய காரணம் என்று விளையாட்டு மருத்துவம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. ஃபிகுவேராவுக்கு வந்தது முதல் வகை, அதுவும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆறியது. அய்மாரிடம் இருந்தது வயதோடு சேர்ந்து தேய்ந்த உடம்பு. ஆள் எடுப்பவர் எத்தனை காயம் என்று எண்ணுவதோடு நிற்கிறார். கடைசிக் காயத்துக்குப் பின் இவர் எத்தனை ஆட்டம் முழுசாக ஆடினார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்கக் காற்பந்தின் சான் பிரான்சிஸ்கோ அணியும் இதே சூதாட்டத்தை இரண்டு முறை ஆடியது. கல்லூரியிலேயே இரண்டு முழங்காலுக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஃபிராங்க் கோரை 2005-இல் மூன்றாம் சுற்றில், 65-ஆவது ஆளாக எடுத்தது. அவர் பதினாறு பருவங்கள் ஆடி, பந்தோடு ஓடிய தூரத்தில் அந்த லீக்கின் வரலாற்றிலேயே மூன்றாவது இடத்தைப் பிடித்தார். 2013-இல் அதே அணி, முழங்கால் நொறுங்கிப்போயிருந்த மார்கஸ் லாட்டிமோரை நான்காம் சுற்றில் எடுத்தது. ஒரு பருவம் முழுக்க ஆடச் சொல்லாமல் காத்திருந்தது. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2014-இல் அவர் ஓய்வு பெற்றார். ஆனாலும் அந்த அணி அவரிடம் நடந்துகொண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோற்றாலும் அது நேர்மையான முயற்சி.

காத்திருப்பதுதான் இதில் பாதி மருத்துவம். நார்வேயில் தசைநார் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று கண்டது. பிரேசிலின் ரொனால்டோவை நினைத்துப் பாருங்கள். 1999 நவம்பரில் முழங்கால் நாண் கிழிந்தது. 2000 ஏப்ரலில் இண்டர் மிலானுக்காகத் திரும்பிக் களம் இறங்கிய சில நிமிடங்களிலேயே அது முற்றாக அறுந்தது. யாரும் தொடாமலே அவர் சரிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் முறை நேரம் கொடுத்தார்கள். 2002 உலகக் கிண்ணத்தில் எட்டுக் கோல்.

நேரம் கிடைத்தும் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாதவர்களும் உண்டு. சென்னையின் வியாசர்பாடிக்காரர்களுக்குத் தனபால் கணேஷைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வடசென்னையின் அந்தப் பகுதியைக் குட்டி பிரேசில் என்று அழைப்பார்கள். அங்கே இருந்து கிளம்பி சென்னையின் எஃப்சியின் நடுக்களத்துக்கும் இந்திய அணிக்கும் போனவர். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் சக ஆட்டக்காரர் ஜேஜே இரண்டு கோல் போட, இடையில் ஒன்றைக் கணேஷ் போட்டார். சில நாளில் பெங்களூருவில் சென்னை கிண்ணத்தைத் தூக்கியது. அடுத்த பருவம் முழுவதையும் முழங்கால் காயம் தின்றுவிட்டது. திரும்பி வந்தபோது பழைய இடம் கிடைக்கவில்லை. ஜேஜேவுக்கும் அதே கதை. முழங்கால் சிகிச்சைக்காக ஒரு பருவத்தை இழந்தவரை 2020-இல் ஈஸ்ட் பெங்கால் கடைசிச் சுற்றுக் கணக்கில் எடுத்தது. பழைய ஜேஜே அங்கே தெரியவில்லை. முதல் சுற்று ஆட்கள் மட்டும் தப்பினார்களா? 2017 டிராஃப்ட்டில் மிக உயர்ந்த விலையான 1.10 கோடி ரூபாய்க்குப் போன இருவரில் ஒருவரான யூஜின்சன் லிங்டோ, அந்தப் பருவத்திலேயே முழங்கால் காயத்தில் விழுந்தார். முழு உடம்பு என்பது எந்த ஒப்பந்தத்திலும் நிரந்தரமில்லை. ஆகவே காயம்பட்டவரை மட்டும் அபாயம் என்று முத்திரை குத்துவது நியாயமில்லை.

மலேசியாவில் இந்த முத்திரையை அழித்துக் காட்டியவர் பிரெண்டன் கான். சிட்னியில் பிறந்தவர், மலேசிய வம்சாவளி. கிளந்தானில் ஆடியபோது முழங்கால் காயங்கள் அவரை நீண்ட காலம் வெளியே உட்கார வைத்தன. ஆள் முடிந்துவிட்டார் என்று பேசியவர்கள் உண்டு. 2018-இல் பேராக் அவரை எடுத்தது. பயிற்றுநர் மெஹ்மெட் துராக்கோவிச் ஆஸ்திரேலியாக்காரர், இப்படிப்பட்ட ஆட்டக்காரரை எடைபோடத் தெரிந்தவர். அந்த ஆண்டு பேராக் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தை வென்றது. நடுக்களத்தில் கான்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் இனிப்பாக இருக்கும். ஆனால் அதே பேராக் சில ஆண்டுகளில் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறியது. 2025-26 சூப்பர் லீக்கில் பேராக்கும் ஆடவில்லை, அதே தொல்லையில் சிக்கிய கெடாவும் ஆடவில்லை. சம்பளமே மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும் கழகம் ஒன்றிடம், ஒன்பது மாதம் ஆடாமல் இருக்கும் ஒருவருக்காகப் பொறுத்திரு என்று சொன்னால் அது எப்படிப் பொறுக்கும்? அங்கேதான் கடைசிச் சுற்றுச் சூதாட்டம் கொடுமையாக மாறுகிறது. பாதிச் சம்பளத்துக்கு ஒரு பருவத்துக்கு எடுக்கப்பட்டவருக்கு ஒன்பது மாதம் என்பதே கிட்டத்தட்ட அந்த ஒப்பந்தம் முழுவதும்தான். அவர் ஆறாம் மாதமே களம் இறங்குவார். வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு இறங்குவார். ஆடினால் அடுத்த ஒப்பந்தம், ஆடாவிட்டால் வீடு. கழகத்துக்கு மலிவாகக் கிடைத்த ஆளின் மிச்ச விலையை அவருடைய முழங்கால் கட்டுகிறது.

நாட்டுக்காக ஆடும்போது காயம்பட்டால் நிலைமை வேறு. 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால் ஃபிஃபாவின் பாதுகாப்புத் திட்டம் அவருடைய கழகத்துக்கு ஈடு தரும். ஓர் ஆட்டக்காரரின் ஒரு காயத்துக்கு 75 லட்சம் யூரோ அதன் உச்சவரம்பு. உள்ளூர் லீக்கில், மழை பெய்து சேறான திடலில் முழங்கால் திருகிக்கொண்டவருக்கு அந்தக் கதவு திறக்காது.

இந்த நிலையை மாற்றக் கோடிகள் வேண்டியதில்லை. பெரிய அறுவைச் சிகிச்சையிலிருந்து திரும்பும் ஆட்டக்காரருக்கு ஒரு பருவ ஒப்பந்தத்தை லீக் அனுமதிக்கவே கூடாது. குறைந்தது இரண்டு பருவம், முதல் ஆண்டில் அடிப்படைச் சம்பளமும் ஆடிய ஆட்டத்துக்கு ஏற்ற படியும் என்று இருந்தால் கழகத்தின் அபாயமும் குறையும், ஆட்டக்காரரின் அவசரமும் குறையும். களம் இறங்கலாம் என்ற கையெழுத்து, கழகத்திடம் சம்பளம் வாங்காத மருத்துவருடையதாக இருக்க வேண்டும். தொழிலாளர்களுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றைச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ மலாக்காவில் நடத்துகிறது. இயந்திரத்தில் கை போன தொழிலாளிக்கு வழிகாட்டும் அந்த ஏற்பாட்டின் வாசல், கீழ்ப் பிரிவு லீக்கில் ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டுக்கு ஆடும் ஆட்டக்காரருக்கும் அதே அளவு அகலமாக இருக்க வேண்டும். அவருக்குக் கால்தான் தொழில்.

ஜேடிடிக்கு இதெல்லாம் சுலபம். பணம் இருக்கிறது, மருத்துவக் குழு இருக்கிறது, 2014 முதல் 2024-25 வரை பதினொரு பருவங்கள் தொடர்ந்து லீக்கை வென்ற நம்பிக்கை இருக்கிறது. காயம்பட்டவரைப் பொறுத்திருந்து பயன்படுத்த இன்று இந்த நாட்டில் அந்த ஒரு கழகத்தால்தான் முழுமையாக முடியும் என்பதே கவலைக்குரியது. மற்றக் கழகங்களுக்கு, ஜேடிடியோடு மோதக் கிடைக்கும் மலிவான ஆயுதமே இந்தக் கடைசிச் சுற்று ஆட்கள்தான். அந்த ஆயுதத்தை ஒரே பருவத்தில் முறித்துப் போடுகிறார்கள்.

தெப்ராவைச் சுற்றி ஒரு காலத்தில் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது. திடலுக்கு ஒரு பெயர் பெற்ற ஆட்டக்காரர் இருந்தார். அவர்களில் எத்தனையோ பேரின் கதை ஒரே மாதிரி முடியும்: "நல்லா வந்திருக்க வேண்டியவன், முட்டி போயிடுச்சு." முட்டி திருகிய அன்று எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் தேடினார்கள். வீக்கம் வற்றியதும் மறுவாரம் இறக்கினார்கள். எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வழியும் இல்லை, எடுக்கச் சொல்ல ஆளும் இல்லை. இன்று தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதியும் பேரங்காடியும் நிற்கின்றன. பையன்கள் கூரைக்குக் கீழே, செயற்கைப் புல்லில் ஆடுகிறார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பட்டை கட்டும் அண்ணனிடம் அறுவைச் சிகிச்சை ஆகி எத்தனை மாதம் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணிவிட்டு, "அஞ்சு முடியப் போவுது" என்று சொல்லி உறையின் வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்திருப்பார்.