லோட் பேலன்சர் போட்டால் சைட் படுக்காதா?

பெரணமல்லூர், ஆரணி வட்டாரத்தில் பட்டுச்சேலையை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்றுப் பழகியவர்கள் அடுத்து சொந்தமாக ஒரு வெப்சைட் என்று கிளம்பும்போது, இந்த அறிவுரை கட்டாயம் காதில் விழும்: “தீபாவளிக் கூட்டத்தைத் தாங்கணும்னா லோட் பேலன்சர் போட்டுடுங்க சார், சைட் படுக்கவே படுக்காது.” கொட்டேஷனில் அதற்குத் தனி வரி இருக்கும், மாத வாடகையோடு.

லோட் பேலன்சரின் வேலை, வருகிற கோரிக்கைகளைப் பின்னால் இருக்கும் பல சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்புவது. அவ்வளவுதான். ஆனால் நெரிசலில் முதலில் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் அந்தச் சர்வர்கள் அல்ல, அவை அத்தனையும் போய்க் கேட்கிற ஒரே டேட்டாபேஸ். தறி பத்து போட்டாலும் சரிகை ஒரே கடையிலிருந்துதான் வரவேண்டும் என்றால், பத்துத் தறியும் அந்தக் கடை திறக்கத்தான் காத்துக் கிடக்கும்.

தட்கல் டிக்கெட்டுக்காகக் காலையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த எவருக்கும் இந்த நெரிசல் தெரியும். ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு 2014 ஆகஸ்டில் புதிய ஆன்லைன் டிக்கெட் முறையைக் கொண்டுவந்தபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற கொள்ளளவு 7,200 ஆனது. சர்வர் எண்ணிக்கையைக் கூட்டியதால் மட்டும் வந்த முன்னேற்றம் அல்ல அது. ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் தொந்தரவு செய்யாமல், தகவலை மெமரியிலேயே வைத்துத் தரும் ஜெம்ஃபயர் மென்பொருளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 2015 ஜூனில் செய்தது அதைவிட எளிது. ஏசி தட்கல் 10 மணிக்கு, மற்றவை 11 மணிக்கு. கூட்டம் நேரத்தாலேயே இரண்டாகப் பிரிந்தது.

“எல்லா சர்வருக்கும் சமமாப் பிரிச்சுக் கொடுக்கும்” என்பது அடுத்த வாக்குறுதி. வரிசைமுறைப்படி ஒவ்வொன்றாக அனுப்பும் ரவுண்ட் ராபின் முறை, கோரிக்கைகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், கனத்தைப் பார்க்காது. முகப்புப் பக்கத்தைத் திறப்பதும் ஆயிரம் சேலைகளில் நிறம், விலை பார்த்துத் தேடுவதும் அதற்கு ஒன்றே. இதற்கு, கையில் வேலை குறைவாக உள்ள சர்வருக்கு அனுப்பும் முறை தேவலை.

கூடையில் போட்ட சேலை காணாமல் போகிற சிக்கல் இன்னும் மோசம். கூடையின் விவரம் முதல் சர்வரின் மெமரியில் இருக்கும். அடுத்த சொடுக்கு இரண்டாவது சர்வருக்குப் போனால் கூடை காலி. ‘ஐபி முகவரியைப் பார்த்து ஒரே சர்வருக்கே அனுப்பு’ என்று சிலர் இதற்கு மருந்து சொல்வார்கள். என்ஜின்எக்ஸ் என்ற பேலன்சர் மென்பொருளில் உள்ள ஐபி ஹாஷ் முறை, ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று எண்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். மொபைல் நிறுவனங்களோ ஏராளமான வாடிக்கையாளர்களை ஒருசில பொது முகவரிகளுக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர்கள் கூட்டமாக ஒரே சர்வரின் தலையில் விழ, பக்கத்துச் சர்வர் ஈ ஓட்டும். கூடையை, எல்லாச் சர்வர்களும் பார்க்கும் ரெடிஸ் போன்ற பொது நினைவகத்தில் வைத்தால் எந்தச் சர்வருக்குப் போனாலும் கவலையில்லை.

செத்த சர்வரைத் தானே ஒதுக்கிவிடுமாம். ஒதுக்கும், ஹெல்த் செக் ஒழுங்காக இருந்தால். வெறும் முகப்புப் பக்கம் வருகிறதா என்று மட்டும் பார்த்தால், டேட்டாபேஸ் தொடர்பு அறுந்த சர்வருக்கும் “நலம்” என்றே சான்றிதழ் கிடைக்கும். டேட்டாபேஸையும் சேர்த்துச் சோதித்தால், அது ஒரு நிமிடம் திணறும்போது எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் விலக்கப்படலாம். பெரியவர்களுக்கே இதில் சறுக்கல் உண்டு. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் அமெரிக்கக் கிழக்கு மண்டலம் முடங்கியபோது, ஹெல்த் செக் பிசகி நல்ல பாகங்களையே விலக்குவதும் சேர்ப்பதுமாக இருந்தது. அந்தத் தானியங்கி விலக்கத்தைப் பொறியாளர்கள் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

பேலன்சரே படுப்பதும் உண்டு. 2012 டிசம்பர் 24 அன்று அமேசானின் லோட் பேலன்சர் சேவைக்கான தரவு, ஒரு பராமரிப்பு வேலையின்போது தவறுதலாக அழிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அமெரிக்காவில் பலருக்கு நெட்ஃபிளிக்ஸ் ஓடவில்லை. 2021 நவம்பர் 16 அன்று கூகுள் கிளவுட் பேலன்சரில் வந்த கோளாறால் ஸ்பாட்டிஃபை, ஸ்நாப்சாட் திறந்தவர்களுக்கு 404 காட்டியது.

கோளாறு வந்தால் கண்டுபிடிக்க வழி? பிழை எண்ணே பாதி சொல்லிவிடும். 503 என்றால் பெரும்பாலும் அனுப்புவதற்கு நலமான சர்வர் இல்லை. 504 என்றால் சர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை; டேட்டாபேஸில் மெதுவாக ஓடும் கேள்வியைத் தேட வேண்டும். 502தான் ஆளைச் சுற்றவிடும். சும்மா இருக்கும் இணைப்பை நோட் ஜேஎஸ் சர்வர் பல பதிப்புகளில் 5 நொடியில் மூடிவிடும். அமேசானின் ஏஎல்பி என்ற பேலன்சர் அதை 60 நொடி வரை வைத்திருக்கும். மூடிய இணைப்பில் பேலன்சர் கோரிக்கையை அனுப்ப, எப்போதாவது ஒரு 502 எட்டிப்பார்க்கும். சர்வரின் லாக்கில் தடயமே இருக்காது. சர்வரின் நேரத்தை 60 நொடிக்கு மேல் வைத்தால் தீர்ந்தது.

லோட் பேலன்சர் தண்டம் என்பதல்ல வாதம். கடையை மூடாமலே ஒரு சர்வரை எடுத்து அப்டேட் செய்ய அதைவிட வசதி வேறில்லை. ஹெச்ஏபிராக்ஸி, என்ஜின்எக்ஸ் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் செல்போனில் எடுத்த கனத்த படங்களைச் சுருக்காமல், அவற்றை வாடிக்கையாளருக்குப் பக்கத்துச் சர்வரிலிருந்து தரும் சிடிஎன்னில் வைக்காமல், பேலன்சருக்கு மாத வாடகை கட்டுவது வீண்.

கைத்தறிப் பட்டில் ஒரு வடிவத்தில் ஒரே சேலைதான் இருப்பு என்பது சகஜம். இரண்டு சர்வர்களும் ஒரே நேரத்தில் “இருக்கிறது” என்று சொல்லி இருவரிடம் பணம் வாங்கிவிட்டால் எந்தப் பேலன்சரும் காப்பாற்றாது. இருப்பைப் பூட்ட வேண்டியது டேட்டாபேஸ். எனவே சைட் செய்பவருக்குப் பணம் கொடுக்கும் முன், ஜேமீட்டர் என்ற நெரிசல் சோதனைக் கருவியில் ஒரு சோதனை கேட்கலாம். ஐந்நூறு பேர் ஒரே சேலையை ஒரே நொடியில் வாங்க முயன்றால், ஒருவருக்கு ஆர்டர் உறுதியாகி, 499 பேருக்கு ‘விற்றுவிட்டது’ என்று வரவேண்டும்.