துறைமுகத்தின் பிறப்புச் சான்றிதழில் மலையகம் எங்கே?

லிந்துலையில் எந்த முகட்டில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. அவ்வூரில் பிறந்தவன் துறைமுகம் பற்றி எழுதப் புகுவானேன் என்று நண்பர்கள் வினவக்கூடும். "துறைமுகம் தேசத்தின் சொத்து, அதன் வரலாற்றுக்குள் தோட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று கொழும்புக் கருத்தரங்கொன்றில் ஒருவர் என்னிடம் கேட்டதும் உண்டு. அன்று நேரமின்மையால் சொல்ல முடியாமற் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

இலங்கைத் துறைமுக அதிகார சபை 1979 ஆகஸ்ட் 1ஆம் திகதி, அவ்வாண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. 1913இல் தோன்றிய கொழும்புத் துறைமுக ஆணைக்குழு, தனியார் கம்பெனிகள் செய்துவந்த சரக்கு ஏற்றியிறக்கும் பணியை அரசு பொறுப்பேற்றபோது 1958இல் பிறந்த துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம், சரக்குகளை எண்ணிக் காவல் காப்பதற்கென 1967இல் அமைந்த மற்றொரு கூட்டுத்தாபனம் ஆகிய மூன்றையும் இணைத்தே அது அமைக்கப்பட்டது. துறைமுகம் பொதுச் சொத்து, அதன் பயன் நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். இவ்வளவையும் எவரும் ஒப்பிப்பார்கள். இதற்கு முந்திய அத்தியாயத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நீராவிக் கப்பல்கள் வரத்தொடங்கிய காலத்தில் தீவின் முதன்மைத் துறை காலியாகவே இருந்தது. கொழும்போ தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல்கள் தத்தளிக்கும் திறந்த துறை. 1875இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது நிறைவுற்றது. அதே 1885இல்தான் மலைநாட்டு ரயில் பாதை தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை எட்டியது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது ஒரு பெருங்காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கப்பல் வந்தால் ஏற்றுவதற்குச் சரக்கு வேண்டுமே! அச்சரக்கு முதலில் கோப்பி. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை. 1873இல் வெறும் 23 இறாத்தலாகக் கப்பலேறிய தேயிலைக்கு 1883இல் கொழும்பிலேயே ஏலம் தொடங்கிற்று. கொழுந்து பறித்த கைகளும் துறைமுகக் கற்சுவரும் ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகள்.

தேயிலை கொழும்பு வழியே போயிற்று. அதைப் பறித்தவர்களோ பெரும்பாலும் மன்னார்க் கரையில் வந்திறங்கியவர்களின் சந்ததியினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. துறைமுக அதிகார சபை பிறந்த அதே 1979இல், சிறுவனாக நான் தலவாக்கலை ரயில் நிலையத்தில் பெரியப்பா குடும்பத்தை வழியனுப்ப நின்றேன். அவர்களுடைய பாத்திரம் பண்டங்கள் ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குள் கட்டப்பட்டிருந்தன. ஒப்பாரிக் கோச்சி என்று எம்மவர் பெயரிட்ட அந்த ரயில் தலைமன்னாருக்குச் சென்றது. அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். தேசத்தின் துறைமுகங்களை ஒரு குடையின்கீழ் கொணர்ந்ததைக் கொண்டாடிய அரசு, தேசத்தின் உழைப்பாளிகளை இன்னொரு துறையால் வெளியேற்றிக்கொண்டிருந்தது.

இது பழங்கதை என்பீர்களாயின், 2021 பெப்ரவரியைப் பாருங்கள். கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையம் அந்நியர் கைக்குப் போகக்கூடாதென்று தொழிற்சங்கங்கள் எழுந்தன, பிக்குகள் எழுந்தனர், பத்திரிகைகள் தலையங்கம் தீட்டின. அரசு பணிந்தது. முனையம் அதிகார சபையிடமே இருக்குமென அறிவிக்கப்பட்டது. அப்போராட்டம் நியாயமானது. ஆனால் அதே பெப்ரவரியில் மலையகத் தொழிலாளர் நாட்சம்பளமாக 1000 ரூபா கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அதைத் தேசப் பிரச்சினை என்று தெற்கில் எத்தனை பேர் சொன்னார்கள்? எழுபதுகளில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பெனிகளுக்குக் கையளிக்கப்பட்டபோது இந்தத் தேசாபிமானம் எங்கே உறங்கியது? முனையம் தேசத்தின் சொத்து. தொழிலாளி மாத்திரம் தோட்டத்தின் சொத்தா?

இன்றைய கொழும்புத் துறைமுகம் தேயிலையால் வாழவில்லை, இந்தியச் சரக்குகளைக் கப்பல் மாற்றி அனுப்பியே வாழ்கிறது என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆனால் பேரன் வேறு தொழிலில் சம்பாதிப்பதால் பாட்டன் இல்லையென்று ஆகிவிடாது.

நான் கேட்பது சலுகையன்று. அதிகார சபை கொழும்பில் நடத்தும் கடல்சார் அருங்காட்சியகத்தில், மன்னார்க் கரையில் இறங்கி மலையேறியவர்களின் வரலாற்றுக்கென ஓர் அறை ஒதுக்கப்படட்டும். தலைமன்னார் இறங்குதுறையில், அவ்வழியே வந்தவர்களுக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கும் ஒரு நினைவுக்கல் நாட்டப்படட்டும். போரினால் 1984இல் நின்றுபோன இராமேசுவரம் கப்பற்சேவையைப் பேச்சளவில் வைத்திராமல் மீண்டும் தொடங்கட்டும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023இல் கப்பல் விட முடிந்ததெனில், இதுவும் முடியும்.

பெரியப்பா திரும்பி வரவேயில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் லிந்துலையைப் பார்க்க விரும்புகிறார்கள். பாட்டன் போன வழியாகவே அவர்கள் வரவேண்டும் என்பது என் ஆசை.