பூட்டும் இடைவெளியும்

கேரள அரசின் கைட் நிறுவனம் பொதுப் பள்ளிகளுக்கு வழங்கும் கணினிகளில் லினக்ஸ் அமைப்பே இயங்குகிறது. ஆதலின் இடக்கொச்சியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் அதன் கெர்னல், அதாவது உட்கரு நிரல், தொலைவிலுள்ள பொருளன்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம். அதில் நேர்ந்த ஒரு பிழையைக் கொண்டு, பூட்டுகளைப் பற்றி நாம் கற்பிக்கும் முறை திருந்தவேண்டும் என்பதை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒரே தரவினை இரண்டு செயல் இழைகள் ஒரே சமயத்தில் கையாளுங்கால், எது முந்துகிறதோ அதற்கேற்ப விளைவு மாறுமாயின், அதனை முந்துநிலைப் பிழை எனலாம். இதற்குப் பூட்டே மருந்து என்று கூறி நம்மிற் பலர் பாடத்தை முடித்துவிடுகின்றனர். அது பாதி உண்மையே.

2016 அக்டோபரில் வெளிப்பட்ட ‘டர்ட்டி கவ்’ என்னும் பிழையை நோக்குக. படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பின் பக்கத்தை ஒருவர் நினைவகத்தில் தமக்கென இணைத்துக்கொண்டு, கெர்னல் வழியாக அதில் எழுத முற்பட்டால், கெர்னல் முதலில் ஒரு தனி நகலை உண்டாக்கும். எழுத்து அந்நகலில் விழவேண்டும். நகல் ஆயத்தமானதும், ‘எழுதுவதற்காக’ என்னும் குறிப்பை நீக்கிவிட்டுப் பக்கத்தை மீண்டும் தேடும். அந்த நொடிப்பொழுதில் மற்றோர் இழை நகலைக் களைந்துவிடுமாறு கேட்டால், தேடலில் அகப்படுவது மூலப் பக்கமே. சாதாரணப் பயனர் இவ்வழியே கணினியின் முழு அதிகாரத்தையும் பெற முடிந்தது. ஆண்ட்ராய்டு தொலைபேசிகளும் தப்பவில்லை.

கவனிக்கத் தக்கது யாதெனில், பக்க அட்டவணையை மாற்றிய ஒவ்வோர் அடியும் பூட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது. அடிகளுக்கு இடையில்தான் பூட்டு அவிழ்ந்திருந்தது. 2005-லேயே லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைத் திருத்த முயன்றார். எஸ்390 வகைக் கணினிகளில் இடர் விளைந்தமையால் அத்திருத்தம் கைவிடப்பட்டது. 2007-இல் வந்த 2.6.22 பதிப்பு முதல் ஒன்பது ஆண்டுகள், எத்தனையோ சோதனைகளுக்குத் தப்பிப் பிழை உள்ளேயே இருந்தது. 2016-இன் திருத்தமோ புதிய பூட்டு எதனையும் சேர்க்கவில்லை. நகல் உண்மையில் உண்டாகியிருக்கிறதா என்று மீண்டும் சோதிக்கச் செய்தது, அவ்வளவே.

பூட்டைப் பெரிதாக்கினால் போதாதா என்று மாணவர் வினவுவர். அதுவும் செய்து பார்க்கப்பட்டதே. 1996-இல் 2.0 பதிப்பில் கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரும்பூட்டு இடப்பட்டது. நுண்செயலிகள் பலவிருந்தும் அவை ஒன்றற்காக ஒன்று காத்து நின்றன. அப்பூட்டை முற்றும் அகற்ற 2011 வரை ஆயிற்று.

ஆகவே, பூட்டுக் கட்டளையைக் கரும்பலகையில் எழுதுமுன், அது எத்தரவைக் காக்கிறது, பூட்டை விட்டபின் முன்பு அறிந்தவற்றுள் எது இன்னும் மெய்யாக நிற்கும் என்னும் இரு வினாக்களை மாணவரிடம் எழுப்பவேண்டும். ஓட்டிப் பார்த்தேன், பிழை வரவில்லை என்னும் விடைக்கு மதிப்பெண் வழங்கலாகாது. களப்பணியாளரும் தம் பொறுப்பிலுள்ள பழைய கருவிகளின் கெர்னல் பதிப்பைப் பார்த்துக்கொள்வது நலம். அத்திருத்தத்தைப் பெறாத கருவிகளில் இவ்விடைவெளி இன்றும் திறந்தே கிடக்கிறது.