பழுது பார்ப்பதும் ப்ராஜெக்ட்தான்

ஃபைனல் இயர் ரிவ்யூவில் எல்லாருக்கும் விழும் முதல் கேள்வி: "இதுல புதுசா என்ன இருக்கு?" அதுக்குப் பயந்தே நாம ஒரு கிட் வாங்கி, நாலு சென்சார் மாட்டி, 'ஸ்மார்ட்' என்று பேர் வைத்துவிடுகிறோம். அது வேலை செய்யலைன்னா ஏன்னு நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் திறந்து, புரிந்துகொண்டு, மறுபடி பாட வைப்பதையும் ப்ராஜெக்டாக ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் வால்வு? ஐசிக்குள்ளே நடப்பதைத் தொட்டுப் பார்க்க முடியாது. வால்வு ஆம்பில் ஒவ்வொரு வயரையும் விரலால் தொடரலாம், பவரை அணைத்த பிறகு. 1950களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 கிடார் ஆம்பை எடுத்துக்குங்க. மொத்தம் மூணே வால்வு. 5ஒய்3 ஏசியை டிசி ஆக்கும். 12ஏஎக்ஸ்7-க்குள் இரண்டு ட்ரையோடு. கிடாரின் சின்ன சிக்னலை இரண்டு படியாக உயர்த்தும். 6வி6 அதை வாங்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும். சுமார் 5 வாட், அவ்வளவுதான்.

6வி6-க்குச் சுமார் 5,000 ஓம் லோடு வேணும். ஸ்பீக்கர் இருப்பதோ 4 ஓம். இரண்டையும் சேர்த்து வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 5,000-ஐ 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 35. அதுதான் சுற்றுகளின் விகிதம். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின இம்பீடன்ஸ் மேட்சிங் இங்கே கையில் கனமாக உட்கார்ந்திருக்கு.

பழுதுதான் இன்னும் நல்ல வாத்தியார். 6வி6-இன் பிளேட் சிவந்து ஒளிருதுன்னு வைங்க. வால்வை மாற்றினால் புது வால்வும் போகலாம். முந்தைய படியிலிருந்து வரும் கப்ளிங் கெபாசிட்டர் டிசியைக் கசியவிட்டால், கிரிட் பாசிட்டிவ் பக்கம் ஏறி கரண்ட் கூடிவிடும். கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம். அதில் 19 வோல்ட் இருந்தால் சுமார் 40 மில்லிஆம்பியர். அதைவிட ரொம்ப ஏறினால் சந்தேகப்படுங்க. ஓம் விதி போதும்.

"கிடார் ஆம்புக்கு எங்கே போறது?" என்று கேட்பீங்க. பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயரும் இதே குடும்பம்தான். திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டாத ஊர் ஏது? பசியாவரம் மாதிரி பழவேற்காடு ஏரியோர ஊர்களில் உப்புக் காற்றும் ஒரு பாடம்: வால்வு சாக்கெட்டும் வால்யூம் கன்ட்ரோலும் எப்படி அரிக்கும், கான்டாக்டை எப்படிக் காப்பாத்துவது? கிழிஞ்ச வலையை உடனே தூக்கிப் போடாமல், எங்கே கிழிஞ்சிருக்குன்னு முதலில் பார்க்கும் ஊர்க்காரங்களுக்கு இந்த முறை புதுசு இல்லை.

புதுசு கேட்கும் ரிவ்யூ பேனலுக்கும் ஒரு பதில் இருக்கு. லியோ ஃபெண்டர் 1938-ல் கலிஃபோர்னியாவில் திறந்தது ரேடியோ ரிப்பேர் கடை. அவர் நிறுவனத்தின் பாஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டைப் படித்துத்தான் 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் ஆட்கள் ஜேடிஎம்45 செய்தாங்க. பவர் வால்வு மாறியது, ஸ்பீக்கர் மாறியது, சத்தமே வேறாச்சு. பழசைப் படித்த இடத்திலிருந்துதான் அந்தப் புதுசு வந்தது.

ஒரு எச்சரிக்கை. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கும். ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டரில் பார்த்துட்டுத் தொடுங்க. முதல் தடவை சீரிஸ் பல்ப் போட்டு ஆன் பண்ணுங்க. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ரிவ்யூ ஷீட்டில் மூணு கேள்வி சேர்த்தால் போதும்: என்ன பழுது? ஏன் வந்தது? அது சரியாச்சுன்னு எப்படி நிரூபிப்பீங்க? இதுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவரை எந்தக் கம்பெனியும் இன்ஜினியர் என்றே கூப்பிடும்.