வயிறு குறைய என்ன செய்யணும், சார்?

கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு அடுத்த இலையில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவியல் ஆறுவதற்குள் சாப்பிட விடுங்கள். "சார் பி.டி. வாத்தியாரா இருந்தவரு" என்று யாராவது அறிமுகம் செய்துவைத்தால் போதும், "வயிறு குறைய என்ன செய்யணும் சார்?" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். பந்தியிலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை. சரி, கேட்டதற்குப் பதில் சொல்வோம் என்று வாயைத் திறந்தால், "நான் தினமும் வாக்கிங் போறேனே சார்" என்று ஒரு வரி குறுக்கே வந்து விழும். அதற்குமேல் பேச்சு கிடையாது, பாயசம்தான்.

நடப்பதற்கு நான் எதிரியில்லை. நடங்கள், நன்றாக நடங்கள். இதயத்துக்கு நல்லது, மனசுக்கு நல்லது, வழியில் நாலு பேரைப் பார்த்து ஊர் வம்பு பேசலாம். ஆனால் நடை ஒன்றே போதும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையை எல்லாரும் பாதியோடு மூடி வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும் என்ற பாதி டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாளாவது உடம்பின் பெரிய தசைகள் அத்தனைக்கும் வலுவேற்றும் பயிற்சி வேண்டும், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் மூன்று நாளாவது வலுவும் சமநிலையும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்ற மறுபாதி எங்கேயோ வழியில் தங்கிவிட்டது. நம் அரசாங்கமும் 2023இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியது. நல்ல காரியம். 'தூக்குவோம்' என்றும் ஒரு திட்டம் வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பத்தாயிரம் அடிக் கணக்கு இன்னொரு கூத்து. 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பதற்குப் பிடித்த எண் அது. இன்றைக்கு எங்கள் தெருவில் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்து கணக்கை நேர் செய்கிறார். 9,600இல் நின்றால் அவருக்குத் தூக்கம் வராதாம். அதே மனிதருக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

என் வயிற்றெரிச்சலே இதில்தான். தரையிலிருந்து எழுந்திருக்கத் தெரியாத ஒரு தலைமுறை ஆகிவிட்டோம். பந்தி மேஜைக்கு வந்தது, கழிவறை நாற்காலிக்கு வந்தது, பூஜை அறைக்கு முக்காலி வந்தது. முட்டிக்குச் சுகம் என்று ஒவ்வொன்றாக உயர்த்திக்கொண்டே போனோம். தொடைக்கு இருந்த கடைசி வேலையும் போயிற்று. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, அறுபதுக்குமேல் இன்னும் வேகமாகப் போகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு. வெறும் நடை அதைத் தடுத்து நிறுத்தாது. எடை மெஷினும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்து கணக்கைச் சமன் செய்துவிடும். "அப்பல்லேர்ந்து அதே அறுபத்தெட்டு கிலோதான் சார்" என்று பெருமையாகச் சொல்கிறவரின் தொடையைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக நினைக்கிறவர்களுக்கு இரண்டு செய்தி. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்கிற இடம் தசை. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் (INDIAB) ஆய்வு சொன்னது. நடத்தியதில் முன்னின்றது நம் சென்னையிலுள்ள ஆராய்ச்சி மையம். சர்க்கரைக்குப் பாகற்காய்ச் சாறு, வெந்தயம், ஆவாரம்பூ என்று தேடி அலைகிறோம். இடுப்புக்குக் கீழே இருக்கிற அவ்வளவு பெரிய தசையைச் சும்மா போட்டு வைத்திருக்கிறோம். அடுத்தது, இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து, 2015இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பிடி தளர்ந்தவர்களிடையே இறப்பு அதிகம். ரத்த அழுத்த அளவைக் காட்டிலும் பிடியின் வலு அதை நன்றாக முன்னறிவித்தது. பிரஷர் பார்க்க மாதாமாதம் போகிறவர்கள் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுகிறார்கள். அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை.

பெண்களிடம் பேசினால் ஆதங்கம் இரட்டிப்பாகும். "வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிருவேன்லா" என்கிறாள் என் மதினி. அப்படி ஆவதற்கு வேண்டிய ஹார்மோன் பெண்ணுடம்பில் மிகக் கொஞ்சம்; ஆண்பிள்ளைகளே வருஷக்கணக்கில் முக்கித்தான் கொஞ்சம் சதை போடுகிறார்கள். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேஸ்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போன சிலிண்டரை அவளே உருட்டித் தூக்கி உள்ளே வைக்கிறாள். கேஸ் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பதுக்குப் பக்கம். இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்க்கிறாள். இந்தப் பெண்ணுக்கு உடற்பயிற்சி என்று பேரன் வாங்கிக் கொடுத்திருப்பது ரோஸ் நிறத்தில் ஒரு கிலோ டம்பிள்.

"அப்போ வீட்டு வேலையே போதும்லா?" என்று அடுத்த கேள்வி வரும். போதாது. அதே கேன், அதே குடம், அதே எடை. உடம்பு என்றைக்கோ அதற்குப் பழகிப்போயிற்று. இரண்டாம் வாய்ப்பாட்டையே பத்தாம் வகுப்பு வரைக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்தால் கணக்கு வருமா? பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். ஏறாத பாரம் களைப்பைத் தரும், வலுவைத் தராது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சில்லறை.

ஜிம்முக்குப் போகலாமே என்றால் அங்கே வேறு கதை. எங்கள் ஊரில் ஒன்றுக்கு ஐம்பத்தெட்டு வயது நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். காது கிழியும் பாட்டு. சுவர் முழுக்க எண்ணெய் பூசிய உடம்புகளின் படம். பயிற்சியாளன் பையன் தங்கமானவன்தான், ஆனால் அவனுக்குத் தெரிந்த இரண்டே இலக்கு சிக்ஸ் பேக், வெயிட் லாஸ். நண்பரிடம் முட்டி எப்படி, முதுகு எப்படி, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருஷச் சந்தாவுக்குத் தள்ளுபடி என்றான், புரோட்டீன் டப்பாவைக் காட்டினான், பிறகு டிரெட்மில்லில் ஏற்றிவிட்டான். நடக்கிறதற்குத்தானே சாலை இருக்கிறது! வயிறு குறைய நூறு தடவை படுத்து எழுந்திருக்கச் சொன்னான். வயிற்றை மடக்கினால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையும் என்ற நம்பிக்கையை ஒழிக்க இன்னும் எத்தனை தலைமுறை ஆகுமோ. மூலையில் விடலைப் பையன்கள் கண்ணாடி பார்த்துக் கை தசையை மட்டும் வளர்த்துக்கொண்டிருந்தார்கள், கீழே காலைப் பார்த்தால் கொக்குக்கால். அவர்களில் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசி பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை போலீஸ் புகார் ஆகிவிடும்.

பையன்களைக் குறை சொல்லி என்ன பயன்? சொல்லித்தர வேண்டிய வயதில் நாம் சொல்லித்தரவில்லை. அரைப்பரீட்சை நெருங்கினால், "போர்ஷன் முடியல சார், உங்க பீரியடைக் குடுங்க" என்று கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். வாங்கிய பீரியடைத் திருப்பிக் கொடுத்த கணக்கு வாத்தியாரை என் சர்வீஸில் பார்த்ததில்லை. தோப்புக்கரணம் அருமையான பயிற்சி; அதைத் தண்டனையாக்கி வைத்தோம். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குத்தான் தொடை வலு, முதல் மதிப்பெண்காரனுக்குக் கிடையாது. பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு தாண்டியதும் மைதானத்து ஓரம் மரத்தடியில் உட்கார ஆரம்பித்துவிடுவார்கள். 2022 நிலவரப்படி நாட்டில் வயது வந்த பெண்களில் 57 சதவீதமும் ஆண்களில் 42 சதவீதமும் தேவையான அளவு உடம்பை அசைப்பதில்லை என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் கணக்கு வந்தபோது, எனக்கு அந்த மரத்தடிதான் ஞாபகத்துக்கு வந்தது.

இந்த லட்சணத்தில் இளவட்டக்கல் பெருமை வேறு. பொங்கல் வந்தால் போதும், "நம் முன்னோர் கல்லைத் தூக்கிப் பெண் எடுத்தவர்கள்" என்று போன் நிறைய வீடியோ. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்றைக்கும் பொங்கலுக்குக் கல் தூக்குகிறார்கள், பெண்களும் வந்து தூக்குகிறார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு. வீடியோ அனுப்புகிறவர் ரேஷன் அரிசியை ஆட்டோவில் ஏற்ற ஆள் தேடுகிறார்.

சரி, கேட்டீர்களே, சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஓரிரு நாள் இடைவெளி விட்டு, அரை மணி நேரம். வழுக்காத நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், எட்டு முதல் பன்னிரண்டு தடவை. கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு சுற்று. எளிதாகிவிட்டால் நெஞ்சோடு ஒரு பையை அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள்; சுவர் சுலபமானால் அடுக்களை மேடை, அப்புறம் கட்டில் விளிம்பு, தரை கடைசியில். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்குங்கள். பை காலை ஒட்டி இருக்கட்டும், இடுப்பில் மடங்குங்கள், முதுகைக் கூன் போடாதீர்கள். அதே பையை, குனிந்த நிலையில் நின்று வயிற்றை நோக்கி இழுங்கள். இரண்டு கையிலும் கனமான பையைப் பிடித்துக்கொண்டு மாடியில் ஒரு நடை. "இன்னும் இரண்டு தடவைதான் முடியும்" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த எல்லை தள்ளிப்போனால் பையில் இன்னொரு கிலோ போடுங்கள். மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். இதயக் கோளாறோ கட்டுக்கடங்காத பிரஷரோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இவ்வளவுதான். காசு இல்லை, டப்பா இல்லை, அதனால்தான் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. யாராவது மனசு வைத்து ஒரு நாள் செய்தாலும் மறுநாள் போன் வரும். "சார், தொடை பிடிச்சுக்கிட்டு, படியிறங்க முடியல, வீட்ல திட்டுறாங்க." பழகாத தசை ஒன்றிரண்டு நாள் வலிக்கும், மூன்றாம் நாள் போய்விடும், அடுத்த தடவை இவ்வளவு வலிக்காது என்று ஏற்கெனவே சொல்லியிருப்பேன். மூட்டில் குத்தலோ வீக்கமோ இருந்தால் விஷயம் வேறு. தசை வலிக்குப் பயந்தால் ஒன்றும் நடக்காது. முட்டி தேய்ந்திருக்கிறது, அதனால் காலை அசைக்க மாட்டேன் என்கிறவர்கள் இன்னொரு கூட்டம். முட்டித் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் சொல்கிறவற்றில் தொடைக்கு வலுவேற்றுவதும் ஒன்று. "அது டாக்டர் சொன்னாரு, நாந்தான் செய்யல" என்று பிறகு மெல்ல ஒத்துக்கொள்வார்கள்.

வயதாகிவிட்டது என்ற சாக்கை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள். 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதுத் தளர்ந்த உடம்புகளை எட்டு வாரம் கால் பயிற்சி செய்ய வைத்தார்கள். பாவலா இல்லை, நிஜமான பாரம். முடித்த ஒன்பது பேருக்கும் சராசரியாக 174 சதவீதம் வலு கூடியது. அவர்களுக்கு முன்னால் நம் அறுபத்திரண்டு என்ன வயது?

சாப்பாட்டுப் பேச்சையும் எடுத்துவிட்டீர்கள். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். பருப்பு எங்கே என்று கரண்டியால் தேட வேண்டிய சாம்பாரை வைத்துக்கொண்டு அதை எட்டுவது சிரமம். சுண்டல், நிலக்கடலை, தயிர், மீன் என்று வீட்டிலேயே வழியிருக்கிறது. புரோட்டீன் டப்பா வாங்கினாலும் தப்பில்லை. வாங்கிவிட்டு எதையும் தூக்காமல் இருப்பதுதான் விசேஷம்.

பூங்காவில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கூடம் திறந்திருக்கிறார்களே என்று ஒருவர் கேட்டார். போய்ப் பாருங்கள். காலை வைத்து முன்னும் பின்னும் வீசும் பலகை, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பும் வட்டம், கையால் சுற்றும் சக்கரம். எதிலும் பாரம் கூட்ட வழி கிடையாது. உருப்படியாக இருக்கும் ஒரே சாமான் தொங்குவதற்கான கம்பி. அதில் நடைக்காரர்கள் சட்டையையும் சாப்பாட்டுப் பையையும் மாட்டிவிட்டுப் போகிறார்கள். வெவ்வேறு எடையில் நாலு மணல் மூட்டை போட்டு வைத்தால் ஊரே பிழைத்துக்கொள்ளும், செலவும் அதிகமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மணல் மூட்டைக்கு விதியில்லை என்று பதில் வந்தது. சுற்றும் சக்கரம் இன்னும் இரண்டு வருகிறதாம்.