துப்பாக்கியின் வயது ரவையில் இருக்கிறது

ஒரு கைத்துப்பாக்கி எப்போது ஆயுதமாக இருப்பதை விட்டு அரும்பொருளாக மாறுகிறது? நூறு வயது கடந்ததும் என்பர் சிலர். அதன் உற்பத்தி நின்றதும் என்பர் வேறு சிலர். இரண்டுமே போதுமான விடைகள் அல்ல. எண்ணெயிட்டு முறையாகப் பேணப்பட்ட 1870களின் ரிவோல்வர் ஒன்றின் விசை இன்றும் இயங்கும். அதன் உருளை இன்றும் சுழலும். அதற்குப் பொருத்தமான ரவை கிடைக்குமாயின் அது ஆயுதம். கிடைக்காதெனில் அது வெறும் இரும்பு. ஆகவே துப்பாக்கியின் உண்மையான வயது, அதன் குழலிற் பொறிக்கப்பட்ட ஆண்டில் இல்லை. அதற்குரிய ரவையில் இருக்கிறது.

பத்திரிகைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற வகையில் ஒன்றைக் கூறுவேன். துப்பாக்கிச் சூட்டுச் செய்திகள் எந்த நாட்டில் எழுதப்பட்டாலும், எவ்வகைத் துப்பாக்கி, எத்தனை வேட்டு, எத்தனை வெற்றுத் தோட்டாக் கோதுகள் மீட்கப்பட்டன என்று அடுக்கிச் சொல்லும். அந்த ரவை எங்கிருந்து வந்தது என்ற வினா அரிதாகவே எழும். பழைய கைத்துப்பாக்கிகளைப் பொறுத்தவரை அதுவே முதன்மையான வினா.

இதன் பின்னணியைச் சற்று விளக்குதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஈயக்குண்டு, வெடிமருந்து, விசையூசி தட்டியதும் தீப்பொறி தரும் பிரைமர் ஆகிய மூன்றையும் ஓர் உலோகக் கோதினுள் அடக்கிய தோட்டாக்கள் பரவலாயின. ஒவ்வொரு நாடும், ஏன் ஒவ்வொரு நிறுவனமும், தத்தமக்கென ஓர் அளவை வகுத்துக்கொண்டன. ரஷ்யப் பேரரசின் கொள்வனவுக்காக அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனம் ஓர் அளவை உருவாக்கிற்று. பிரெஞ்சு இராணுவம் தனது 1873ஆம் ஆண்டு ரிவோல்வருக்கு 11 மில்லிமீற்றரைத் தெரிந்தது. ஜேர்மன் இராணுவம் 10.6 மில்லிமீற்றரைத் தெரிந்தது. காலம் மாறியது, படைகள் புதிய துப்பாக்கிகளுக்கு மாறின, தொழிற்சாலைகள் பழைய அளவுகளைக் கைவிட்டன. துப்பாக்கிகள் மாத்திரம் அழியாமல் எஞ்சின.

எஞ்சியவற்றைச் சுட்டுப் பார்க்க விரும்பும் ஆர்வலர் உலகெங்கும் உளர். ஐக்கிய அமெரிக்காவில் இது பெரும் பொழுதுபோக்கு. பழைய மேற்குப் பிரதேச உடையணிந்து, அக்காலத்துத் துப்பாக்கிகளாலோ அவற்றின் பிரதிகளாலோ இலக்கைச் சுடும் போட்டிகள் 1980களிலிருந்து அங்கே வளர்ந்தன. தேவை பிறந்ததும் சந்தை பிறந்தது. மறைந்துபோன அளவுகள் சிலவற்றிற்குக் கோதுகளும் ரவைகளும் மீண்டும் தயாரிக்கப்படுகின்றன. கிடைக்காதவற்றுக்கு ஆர்வலர்கள் பாகங்களைத் தேடிச் சேகரித்துத் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். பல மாநிலங்களில் இது சட்டத்துக்கு உட்பட்ட செயல்.

இவர்களுள் பெரும்பாலானோர் பொறுமையும் அறிவும் உடைய மனிதர்கள். ஒரு பழைய பொறியின் மீது கொண்ட காதலே இவர்களை இயக்குகிறது. ஆபத்தும் அவர்களுக்குத் தெரியும். 1884இல் பிரான்சில் புகையற்ற வெடிமருந்து கண்டுபிடிக்கப்படும் முன்னர் செய்யப்பட்ட துப்பாக்கிகள், கரிமருந்தின் அழுத்தத்தை மட்டுமே தாங்கவென ஆக்கப்பட்டவை. பின்வந்த மருந்தின் அழுத்தத்தில் அவற்றின் உருளை பிளந்து, சுடுபவரின் கையையோ கண்ணையோ பறிக்கக்கூடும். ஒரே பெயரைத் தாங்கிய தோட்டாக்கள் காலத்துக்குக் காலம் அளவில் மாறியதும் உண்டு. எனவே இது கைவந்தவர்களுக்கும் எச்சரிக்கை தேவைப்படும் வேலை.

ஆயினும் நமது கவலை ஆர்வலரின் கையைப் பற்றியது மட்டுமன்று. சட்டங்கள் இந்தத் துப்பாக்கிகளை எப்படி நோக்குகின்றன என்பதே கேள்வி. ஐக்கிய அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கியை அரும்பொருள் என வகுத்து, மத்திய அரசின் கட்டுப்பாடுகளிலிருந்து பெரிதும் விடுவிக்கிறது. பிரான்சில் பொதுவான எல்லைக்கோடு 1900 ஜனவரி 1. இவை நாட்காட்டியை நம்பும் சட்டங்கள். பிரித்தானியாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வேறு பாதையில் சென்றது. அரும்பொருளாகவோ அலங்காரப் பொருளாகவோ வைத்திருக்கும் பழந்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை என்றது அது. எது பழையது என்பதைத் தீர்மானிக்க, ரவை கிடைக்காத அளவுகளின் நீண்ட பட்டியலொன்றை உள்துறை அமைச்சு பேணி வந்தது. சுடும் நோக்கம் வந்துவிட்டால் அந்தச் சலுகை பறிபோகும்.

நாட்காட்டியை விட ரவையை அளவுகோலாகக் கொண்டது அறிவார்ந்த செயல் என்றே சொல்வேன். ஆனால் அதில் ஒரு பலவீனம் மறைந்திருந்தது. ரவை கிடைக்காது என்பது இயற்கையின் விதியன்று, சந்தையின் நிலைமை. சந்தையின் நிலைமையை ஒருவர் நினைத்தால் மாற்றலாம்.

ஒருவர் மாற்றவும் செய்தார். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த, உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் அவர். பழைய ரிவோல்வர்களை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்து, அவற்றுக்கேற்ற ரவைகளைத் தமது வீட்டிலேயே தயாரித்தார். அவை இடைத்தரகர் வழியாகக் குற்றக் கும்பல்களின் கைக்குச் சென்றன. நூறுக்கும் மேற்பட்ட குற்றச் சம்பவங்களுடன் அவரது துப்பாக்கிகளும் ரவைகளும் தொடர்புபடுத்தப்பட்டன. அவற்றுள் கொலைகளும் அடக்கம். பேர்மிங்ஹாம் நீதிமன்றம் 2017 டிசம்பரில் அவருக்கு 30 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவரைக் காட்டிக்கொடுத்தவை துப்பாக்கிகள் அல்ல. ரவைகளில் அவரது கருவிகள் பதித்த நுண்ணிய அடையாளங்களே புலனாய்வாளர்களை அவரது வாசலுக்கு இட்டுச் சென்றன.

இவ்வாறான அனுபவங்களின் பின்னர், 2021 மார்ச்சில் புதிய ஒழுங்குவிதிகள் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்தன. குற்றச் செயல்களில் அடிக்கடி தலைகாட்டிய ஏழு அளவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மேலே கூறிய ரஷ்ய, பிரெஞ்சு, ஜேர்மன் அளவுகள் மூன்றும் அவற்றுள் அடங்கும். அதுவரை சுவரில் மாட்டிவைத்த ஒரு பொருளுக்கு, அதன் உரிமையாளர் உரிமம் பெறவோ அதனை ஒப்படைக்கவோ வேண்டியதாயிற்று. ஒரு குற்றமும் செய்யாத சேகரிப்பாளர்கள் மனம் கசந்தனர். அந்தக் கசப்பு நியாயமானது. பிறர் செய்த குற்றத்துக்குத் தாம் தண்டிக்கப்படுவதாக அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் ஒரு தெருவில் உயிரிழந்த இளைஞனின் தாயின் கசப்பை அதனருகே வைத்துப் பார்க்கும்போது, எது கனமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இருப்பினும் பட்டியலை வெட்டுவது மட்டுமே தீர்வாகாது. ஏழு அளவுகளை நீக்கினால், எட்டாவதற்கு ரவை செய்ய எவரோ ஒருவர் முன்வருவார். பட்டியல் எப்போதும் குற்றவாளியின் பின்னாலேயே ஓடும். கட்டுப்பாடு எங்கே இருக்க வேண்டும்? ரவையில், அதன் பாகங்கள் வந்து சேரும் இடத்தில், அவற்றைச் சேர்ப்பவரின் நோக்கத்தில்.

இந்தத் திசையில் இரண்டு முன்மாதிரிகள் பிரித்தானியாவிலேயே உள்ளன. ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 1996 மார்ச் 13ஆம் திகதி 16 சிறுவர்களும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு கைத்துப்பாக்கிகள் ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்யப்பட்டபோதும், வரலாற்று மதிப்புள்ளவற்றுக்கு வழிவிடப்பட்டது. அவற்றுள் ஒருவகையை, பிஸ்லி போன்ற குறித்த சில இடங்களில் பாதுகாப்பாக வைத்து, அங்கேயே சுடலாம். சேகரிப்பாளரின் ஆர்வமும் வாழ்கிறது; துப்பாக்கியும் ரவையும் தெருவில் சந்திப்பதுமில்லை. இரண்டாவது, 2023ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம். அனுமதியற்ற ரவைகளை ஆக்கும் நோக்குடன் பாகங்களை வைத்திருப்பதை அது தனிக் குற்றமாக்கிற்று. ஈயமும் பித்தளைக் கோதும் தனித்தனியே தீங்கற்றவை. ஒன்றுசேர்க்கும் எண்ணமே தீங்கானது என்பதைச் சட்டம் காலம் தாழ்த்தியேனும் உணர்ந்திருக்கிறது.

இவற்றுடன் மூன்றாவதாக ஒன்றும் தேவை. உரிமம் வேண்டாத பழங் கைத்துப்பாக்கியே ஆயினும், அது கைமாறும்போது யார் விற்றார், யார் வாங்கினார் என்ற பதிவு இருக்கட்டும். காணி கைமாறினால் உறுதி எழுதுகிறோம். பழைய மோட்டார் வாகனம் கைமாறினாலும் பதிவு செய்கிறோம். மனித உயிரைப் பறிக்கவெனச் செய்யப்பட்ட பொருளுக்கு அவ்வளவேனும் மரியாதை காட்டுவதால் நேர்மையான சேகரிப்பாளர் எவரும் எதையும் இழக்கப்போவதில்லை.

பழைய ஆயுதத்தின் பெறுமதி அதன் வேட்டொலியில் தங்கியிருக்கவில்லை என்பதற்கு எமது நாடும் சான்று. கண்டி அரசிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கவர்ந்து சென்ற சிறு பீரங்கி, ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட்காட்சியகத்தில் நீண்டகாலம் இருந்து, 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திரும்பியது. அதனுடன் இரண்டு பெரிய துவக்குகளும் வந்தன. மாணிக்கக்கல் பதித்த அந்தப் பீரங்கியைச் சுட்டுப் பார்க்க வேண்டுமென எவரும் கேட்கவில்லை. அதன் வேலைப்பாட்டையும் அது கடந்துவந்த வரலாற்றையும் காணவே மக்கள் விரும்பினர்.

பழந்துப்பாக்கிகளை உருக்க வேண்டாம். அவை மனித குலத்தின் கைத்திறனுக்கும் கொடுமைக்கும் ஒருங்கே சாட்சி. அவற்றுக்குரிய ரவை எங்கே பிறக்கிறது, எவர் கைக்குப் போகிறது என்பதில் மட்டும் அரசுகள் கண்ணயரக் கூடாது. ரவை உள்ளவரை எந்தத் துப்பாக்கியும் கிழடாவதில்லை.